டாக்டர் வேந்தனிடம் கேட்டவர்கள்

ஊசி இரண்டும் உள்ளே போய்விட்டன. நர்ஸ் முத்துச்செல்வி குத்தினால் வலிக்காது என்று சொல்ல மாட்டேன், வலிக்கத்தான் செய்யும், ஆனால் அவள் தேட மாட்டாள், உள்ளே விட்டுவிட்டு இப்படியும் அப்படியும் கிண்ட மாட்டாள், இடது கையில் எங்கே ரத்தம் ஓடுகிறது என்று இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பாள், ம் என்பாள், அவ்வளவுதான், ஒரே குத்து. ஆறு வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை, செவ்வாய், வியாழன், சனி, அந்த ஒரு ம்-முக்காக நான் அவளுக்கு எத்தனை தடவை நன்றி சொல்லியிருப்பேன், வாய் திறந்து சொன்னது பத்துத் தடவைகூட இருக்காது. குழாயில் என் ரத்தம் ஏறுகிறது. டயாலிசிஸ் மெஷின் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மணி ஆறு நாற்பது, பத்து நாற்பதுக்கு முடியும், நாலு மணி நேரம் இந்த நாற்காலி, இடது கையை ஆட்டக்கூடாது, வலது கையில் பிரஷர் பட்டை, அரை மணிக்கு ஒரு தடவை அது தானாக இறுக்கும், மற்ற நேரம் அந்தக் கை எனக்குச் சொந்தம், அதில்தான் போன். வெளியே பெஞ்சில் என் கணவர் லியோன் பேப்பர் விரித்திருப்பார், முதலில் மரண அறிவிப்புப் பக்கம், அப்புறம்தான் தலைப்புச் செய்தி, தூத்துக்குடியில் யார் போனார்கள் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு முதலில் தெரிந்தாக வேண்டும், என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் அந்தப் பக்கத்தைப் படிப்பது எனக்கு ஒரு காலத்தில் கோபமாக வரும். இப்போது வருவதில்லை. படிக்கட்டும். என் பேர் அதில் இல்லை என்று தினம் காலையில் ஒருத்தர் பார்த்து உறுதி செய்கிறார், அதுவும் ஒரு காவல்தானே.

நேற்றுச் சாயங்காலம் வந்த கடிதத்தை நினைக்கக் கூடாது என்று பார்க்கிறேன், நினைத்தால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் முத்துச்செல்வி ஏன் எதுக்கு என்று கேட்பாள். ஆனால் வேறு எதை நினைப்பது. மட்டக்களப்பிலிருந்து யோகமலர் என்ற பெண். "அக்கா, வணக்கம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் அம்மாவுக்கு ஒரு வருடமாக இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. மரக்கறியை எப்படி ஊறவைத்து அவித்து வடிப்பது என்று டாக்டர் வேந்தன் என்பவரின் இணையப் பக்கத்தில் பார்த்துத்தான் சமைத்து வந்தேன். அவரிடம் மூன்று முறை சந்தேகம் கேட்டேன், பதில் இல்லை. அதில் இருந்த ஒரு வசனத்தை அப்படியே எழுதித் தேடிப் பார்த்தேன். தேடல் முடிவுகளின் நாலாவது பக்கத்தில் நீங்கள் வந்தீர்கள். அதே வசனம். ஆனால் உங்களிடம் ஆட்கள் கேட்டிருந்தார்கள், நீங்கள் மறுமொழி சொல்லியிருந்தீர்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, எழுதினவர் நீங்கள்தான் என்று." படித்துவிட்டுப் போனை லியோனிடம் நீட்டினேன். லியோன்தான் அந்த டாக்டர் வேந்தன் பக்கத்தைத் தேடி எடுத்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், நல்ல பல்வரிசை, மீசை. அந்த மீசைக்குக் கீழே என் கட்டுரை. ஒன்று இல்லை, அத்தனையும், ஐந்து வருஷத்தில் என் வலைப்பக்கத்தில் நான் எழுதிய அறுபத்தெட்டும், தலைப்புகூட மாற்றவில்லை. இடையில் இடையில் விளம்பரம், வரிக்கு வரி, உருளைக்கிழங்கைத் தோல் சீவி என்று ஒரு வரி, உடனே ஒரு செருப்பு, சின்னச் சின்னதாக நறுக்கி என்று ஒரு வரி, உடனே ஒரு அடுக்குமாடி. "தண்ணீரை அளக்கத் தெரியாமல் நான் பட்ட பாடு" என்ற கட்டுரையில் லியோன் நின்றுவிட்டார். சிரித்தார். பிறகு எனக்கு வாசித்துக் காட்டினார். "என் வீட்டுக்காரர் லியோன் தம்ளரில் நெயில் பாலிஷால் கோடு போட்டுத் தந்தார்." அதைக்கூட மாற்றவில்லை. "ஏ ரெஜினா, இந்த மீசைக்காரனுக்கு நான்தான் வீட்டுக்காரராம், பாத்தியா, கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லல." நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அந்தத் தம்ளர் வரிக்கு நேர் கீழே அடுத்த விளம்பரம் இருந்தது. மஞ்சள் எழுத்தில். பத்தே நாளில் சிறுநீரகம் புதுசு. டயாலிசிஸுக்கு விடை கொடுங்கள். மூலிகைப் பொடி, தபாலில் வரும்.

திருடினது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, இல்லை, பொய் சொல்லாதே, வலித்தது, நல்லா வலித்தது, ஆனால் அந்தப் பொடி. என் பேச்சை நம்பி வருகிறவர்களை என் பேச்சாலேயே கூப்பிட்டுக்கொண்டுபோய் அந்தக் கடையில் நிறுத்துகிறான். எவன். ஒருத்தனா, ஒரு அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறானா, அல்லது ஆளே இல்லாமல் எல்லாம் தானாக நடக்கிறதா, அந்தத் தளத்தில் ரோஜாச்செடி வளர்ப்பதும் இருக்கிறது, பல்லி விழும் பலனும் இருக்கிறது, வீட்டுக்கடன் வாங்குவதும் இருக்கிறது, எல்லாம் யாரோ ஒருத்தர் எங்கோ எழுதியதாகத்தான் இருக்கும், எத்தனை பேர் கண் பார்க்கிறதோ அத்தனைக்கும் அவனுக்கு விளம்பரக் காசு. அவனுக்கு நான் ரோஜாச்செடி மாதிரி. நான் ஏன் எழுத ஆரம்பித்தேன் என்று அவனுக்குத் தெரியுமா. மெஷினில் எனக்கு முதல் வருஷம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் லேபில் உதவியாளராக இருந்தேன், பாட்டில் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, பிள்ளைகளுக்குச் செய்முறை எழுதிப் போடுவது, ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஏப்ரல் மாதம், சரியான வெயில், மெஷின் முடிந்து வந்து சோர்ந்துபோய் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன், தமிழ் டீச்சர் மனசு பொறுக்காமல் ஆளனுப்பி இளநீர் வாங்கிவந்து தந்தார்கள். ஒன்று குடித்தேன். இன்னொன்றும் குடிங்க ரெஜினா, உடம்புக்குக் குளிர்ச்சி என்றார்கள். குடித்தேன். ராத்திரிக்குள் காலும் கையும் என்னுடையதாக இல்லை, நெஞ்சு தப்புத்தப்பாக அடித்தது, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மெஷினில் மாட்டி இழுத்துப் பிடித்தார்கள். இளநீரில் பொட்டாசியம். கிட்னி போனவர்களுக்கு அது வெளியே போகாது, நெஞ்சை நிறுத்திவிடும். வேதியியல் லேபில் பொட்டாசியம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டினவள் நான், இளநீருக்குள் அது இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தந்த கை அன்பான கைதான், டீச்சர் இன்றுவரை என்னைப் பார்த்தால் கண் கலங்குவார்கள், நான்தான் அவர்களைச் சமாதானப்படுத்துவேன். அந்த வாரமே எழுதினேன். இளநீர் குடிக்காதீர்கள், அன்பாகத் தந்தாலும் குடிக்காதீர்கள். அதுதான் முதல் கட்டுரை. அது இப்போது டாக்டர் வேந்தனுடைய முதல் கட்டுரை.

பட்டை இறுக்குகிறது. விரல் மரத்துப்போகிறது, போன் மடியில் கிடக்கட்டும். நூற்று நாற்பது, எண்பத்தெட்டு. முத்துச்செல்வி எட்டிப் பார்க்கிறாள். "என்னக்கா, என்னத்த நெனச்சுக்கிட்டு கெடக்கீங்க, ஏறுது." ஒன்றும் இல்லை என்கிறேன். நம்பவில்லை, ஆனாலும் போர்வையை என் காலில் இழுத்துவிட்டுப் போகிறாள். புகார் மனு போனில் இருக்கிறது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் லியோன் தேடிப் பிடித்தார், விளம்பரம் தருகிற கம்பெனிக்கு ஒன்று, அந்தத் தளத்துக்கு இடம் தருகிற கம்பெனிக்கு ஒன்று, எல்லாம் நிரப்பியாயிற்று, அனுப்பு என்று ஒரு பொத்தான்தான் பாக்கி. அதற்கு மேலே ஒரு கட்டம். இவை என் சொந்தப் படைப்பு என்று உறுதி கூறுகிறேன். அங்கேதான் எனக்கு விரல் நின்றது. லியோனுக்குப் புரியவில்லை. "ஒன்னோடது இல்லாம ஆரோடது?" என்றார். என்னுடையதா. பொட்டாசியம் போகக் காய்கறியை நிறையத் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடிக்கணும் என்று சொன்னது இந்த ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் மேடம். கெண்டைக்கால் சதை பிடித்தால் பாதத்தைச் சுவரில் ஊன்றி அழுத்து என்றது முத்துச்செல்வி. எங்களுக்குத் தண்ணீர் ஒரு நாளைக்கு அளந்துதான், அதற்குத் தம்ளரை மாற்று என்று சொன்னது பிச்சைக்கனி அண்ணன். அவர் பக்கத்து நாற்காலி, உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், உள்ளங்கால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். "தாயி, பெரிய தம்ளர்ல கொஞ்சூண்டு தண்ணி பாத்தா மனசு ஏங்கும். சின்னத் தம்ளர்ல நெறயக் குடி. அதே தண்ணிதான, மனசு நெறஞ்சுரும்." உப்போடு வாழ்ந்தவருக்குத் தாகம் பற்றித் தெரியாதது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் போய்விட்டார், மரண அறிவிப்புப் பக்கத்தில் லியோன்தான் முதலில் பார்த்தார். ஆக நானும் கேட்டு எழுதினவள்தானே. மூன்று பேரிடம் கேட்டு எடுத்தவள் நான், என்னிடம் கேட்காமல் எடுத்தவன் அவன், வித்தியாசம் கேட்டதில் மட்டும்தானா. ராத்திரி முழுக்க இது சுற்றிச் சுற்றி வந்தது, எங்கேயோ ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. விடிகாலை குளிக்கும்போதுதான் தோன்றியது, போய் அந்தத் தம்ளர் கட்டுரையை இரண்டு பக்கத்திலும் வைத்துப் பார் என்று. பார்த்தேன். என் கட்டுரைகள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். இதைச் சொல்லித் தந்தது பிச்சைக்கனி அண்ணன். இதைச் சொல்லித் தந்தது முத்துச்செல்வி. அறுபத்தெட்டிலும் யாராவது ஒருவர். லியோன் பேரை விட்டுவைத்தவன் அந்தக் கடைசி வரியை மட்டும் ஒவ்வொன்றிலும் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தான். என் பேர் போனதைவிட அண்ணன் பேர் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மனுஷனுக்குக் கல்லறையில்கூடப் பேர் பொறிக்கவில்லை, நான் எழுதின ஒரு வரியில்தான் இருந்தார். சரி, அப்போது உறுதி கூறலாம். சொன்னவர்கள் பேரோடு சொன்னேன், அதனால் என்னுடையது. வண்டியில் வரும்போதே லியோன் முதுகுக்குப் பின்னால் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன்.

ஆனால் இன்னும் அனுப்பவில்லை, கடைசியாக ஒரு தடவை அந்தப் பக்கத்தை முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று இருக்கிறது, விட்டுக் கிளம்புகிற வீட்டைப் பூட்டுமுன் ஒரு சுற்றுச் சுற்றுகிற மாதிரி. பட்டை விட்டுவிட்டது. போனை எடுக்கிறேன். கட்டை விரலால் தள்ளுகிறேன், செருப்பு, அடுக்குமாடி, மஞ்சள் எழுத்து, எல்லாம் தாண்டி அடியில். இதுவரை கட்டுரை முடிகிற இடத்துக்குக் கீழே நாங்கள் போனதில்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கேள்விகள். டாக்டர் ஐயா, என் மனைவிக்குக் கால் வீங்குது, கீரை தரலாமா. சார், கருவாடு சுத்தமா விட்டுடணுமா. ஐயா வணக்கம், எனக்கு வயது இருபத்து நாலு, கல்யாணம் செய்யலாமா. மூன்று இடத்தில் யோகமலர். அடுத்த கட்டுரையிலும் இருக்கிறார்கள். அதற்கடுத்ததிலும். என் பக்கத்துக்கு மாதம் நாலு பேர் வந்து கேட்டால் பெரிசு, இங்கே வரிசையில் நிற்கிறார்கள், ஒருத்தருக்கும் பதில் இல்லை. எப்படி இருக்கும், அவனுக்குத்தான் தெரியாதே. என் எழுத்தை எடுத்துக்கொண்டான், கருவாட்டைப் பற்றிக் கேட்டால் அவன் எங்கே போவான். இத்தனை மாசமாக நான் இந்தப் பக்கம் இருந்து யாராவது வருவார்களா என்று பார்த்திருக்கிறேன், இவர்கள் அந்தப் பக்கம் யாராவது சொல்வார்களா என்று பார்த்திருக்கிறார்கள், நடுவில் ஒரு மீசைப் படம். தள்ளுகிறேன், தள்ளுகிறேன், பொடி விளம்பரத்துக்கு நேர் கீழே ஒன்றில் விரல் நிற்கிறது. தனவேல், பண்ருட்டி. டாக்டர் ஐயா அப்பாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். ரொம்ப சோந்து போறாரு. உங்க பக்கத்துல போட்டுருக்க இந்தப் பொடி வாங்கினா டயாலிசிஸ் நிப்பாட்டிடலாமா. தயவு செஞ்சு சொல்லவும். கீழே போன் நம்பர். பதினொரு நாளைக்கு முன்னால். உங்க பக்கத்துல. என் பக்கத்தில். பதினொரு நாளில் பொடி வந்திருக்கும். பதினொரு நாளில் மூன்று தடவை மெஷின் வந்திருக்கும், மூன்றும் போகாமல் இருந்தால், வேண்டாம், அதை நினைக்காதே, இளநீர் இரண்டு குடித்ததற்கே உனக்கு ஒரு ராத்திரிதான் ஆயிற்று. யாரையாவது கேட்டுவிட்டுக் கூப்பிடலாமா, முத்துச்செல்வியிடமா, லியோனிடமா, என்ன சொல்லிக் கூப்பிடுவது, எடுத்து அழுதால் என்ன செய்வது, எல்லாம் முடிஞ்சு போச்சுங்க என்று சொன்னால். விரல் அதற்குள் நம்பரை அழுத்திவிட்டது.

"அலோ." ஆண் குரல், பின்னால் பஸ் ஹாரன், ஏதோ கடைத்தெரு.

"தனவேலா பேசுறது? நீங்க பொடியைப் பத்திக் கேட்டிருந்தீங்கல்லா, அந்தப் பக்கத்துல..."

"ஆமாங்க! டாக்டர் ஆபீசுங்களா?"

"அப்பா எப்படி இருக்காங்க? முதல்ல அதச் சொல்லுங்க."

"இருக்காருங்க. பொடி சனிக்கெழம வந்துச்சி. திங்கக்கெழம மெசினுக்குப் போவல. இன்னிக்குப் போவணும், அப்பாவோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டோம், போலாமா வாணாமான்னு..."

இருக்கிறார். மாதாவே, இருக்கிறார். மூன்று இல்லை, ஒன்றுதான். "மூச்சு வாங்குதா? படுக்க முடியுதா?"

"படுத்தா முடியலங்க. ராவெல்லாம் ஒக்காந்தே இருக்காரு. பொடி வேலை செய்யுதுன்னா மொதல்ல அப்படித்தான் இருக்கும்னு அதுல போட்டுருக்கு."

"தம்பி, கேளுங்க. அது பொடி செய்யுற வேலை இல்ல, தண்ணி நெஞ்சுக்கு ஏறுது. இப்பவே ஆட்டோ புடிங்க. மெஷின் இருக்குற ஆஸ்பத்திரிக்கே போங்க. ஒரு தடவை விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, அந்தப் பொடிப் பாக்கெட்டையும் எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டுங்க."

"நீங்க டாக்டருங்களா?"

"இல்ல."

"டாக்டர் ஐயாகிட்ட குடுங்களேன்."

"அப்படி ஒரு ஐயாவே கிடையாது தம்பி. அந்தப் படம் சும்மா. அதுல இருக்குறதெல்லாம் நான் எழுதுனது. என்கிட்ட கேக்காம எடுத்துப் போட்டு நடுவுல அந்தப் பொடிய வச்சு விக்கிறாங்க. நானும் உங்க அப்பா மாதிரி நோயாளிதான்."

"கோச்சுக்காதீங்க," என்றான், மெதுவாக, மரியாதையாக. "ஒரு டாக்டரு படம் போட்டு சொல்றாரு. நீங்க ஆருன்னே தெரியல, போன்ல சொல்றீங்க. எதைங்க நம்புறது?"

நியாயம்தான். எனக்கு மீசை இல்லை, வெள்ளைக் கோட்டு இல்லை. எந்த ஊர் ஆபீசர் கையெழுத்தை எடுத்துக் காட்டி அவனை நம்ப வைப்பேன். அவசரத்தில் போனை இறுக்கிக் காதில் வைக்க இடது கையும் கூடச் சேர்ந்து எழும்பிவிட்டது, குழாய் மடங்கியது, மெஷின் கத்த ஆரம்பித்தது. பீங், பீங், பீங், சிவப்பு விளக்கு. முத்துச்செல்வி ஓடி வந்தாள். "யக்கா! கைய ஆட்டாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுறது, ஊசி கழண்டா என்னத்துக்கு ஆவுறது!" போனுக்குள் வேறு ஒரு குரல், வயசான குரல், பக்கத்திலிருந்து. "டேய், அது மெசின் சத்தம்டா. குடு இங்க." பிறகு மூச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு. "அம்மா. மெசின்ல இருந்தா பேசுற?"

"ஆமாங்கய்யா. இப்ப ஏறித்தான் இருக்கேன். கையத் தூக்கிட்டேன், அதான் கத்துது."

"கையத் தூக்காதம்மா." அவருக்கு மூச்சு வாங்குகிறது, அதில் எனக்குப் புத்தி சொல்கிறார். "எனக்கும் அப்படித்தான் கத்தும். எத்தினி மாசமா இருக்க?"

"மாசம் இல்லங்கய்யா. ஆறு வருஷம்."

"ஆறு வருசமா?" என்றார். "ஆறு வருசம் இருக்கலாமா? எங்க தெருவுல ஒருத்தன் ஆறு மாசத்துல போயிட்டான். நானும் அவ்ளோதான்னு. எதுக்கு இந்தப் புள்ளைய வாரத்துக்கு ரெண்டு நாளு பொழப்பக் கெடுத்துக்கிட்டு அலைய வுடணும்னு. பொடியும் வேலை செய்யாதுன்னு எனக்குத் தெரியுமா தெரியாதான்னு கேட்டா, தெரியும்மா. ஒரு சாக்கு."

"ஐயா," என்றேன், "என் வீட்டுக்காரரும் வெளிய பெஞ்சுலதான் உக்காந்துருக்கார். அவரு பொழப்பும் கெடுதுதான். ஆனா நான் வரலன்னு சொன்னா அவரு எங்க போயி உக்காருவாரு? போயி ஏறிக்கோங்கய்யா. இன்னைக்கு ஒரு நாள். ஏறிட்டு அப்புறம் யோசிங்க."

மூச்சு. மூச்சு. "டேய், அந்த ஆட்டோவ நிறுத்துடா, போலாம்," என்று தூரத்தில் கேட்டது. போன் அணைந்துவிட்டது.

முத்துச்செல்வி குழாயைச் சரிசெய்து, பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டி, டிஷ்யூ எடுத்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். மணி எட்டு ஐந்து. இனி இரண்டு மணி நேரம் முப்பத்தைந்து நிமிஷம், எனக்கு ஒன்றும் தெரியாது. பண்ருட்டியில் மெஷின் இருக்குமா, கடலூருக்குப் போகணுமா, கடலூர் என்றால் எவ்வளவு நேரம், முறை தவறி வந்தால் இடம் கொடுப்பார்களா, பாதி வழியில் நெஞ்சு, வேண்டாம், வேறு நினை. மூன்றாவது தடவை பட்டை. நாலாவது தடவை பட்டை. கெண்டைக்காலில் சதை பிடித்தது, தண்ணீரை வேகமாக எடுக்கிறது மெஷின், பாதத்தை எதிரே ஊன்றி அழுத்தினேன், முத்துச்செல்வி சொல்லித் தந்தது, விட்டது. அப்போது அந்த நினைப்பு வந்தது, அழையாமல், அசிங்கமாக. அவன் திருடவில்லை என்றால் தனவேல் என்னிடம் வந்திருக்கவே மாட்டானே. யோகமலர் வந்திருக்க மாட்டாளே. தேடினால் என் பக்கம் நாலாவது பக்கத்தில் கிடக்கிறது, அவன் பக்கம் முதலில் நிற்கிறது, அவன் கடையை விரித்ததால்தான் இத்தனை பேர். அப்போது நான் அவனுக்கும் நன்றி சொல்ல வேண்டுமா. அந்த மீசைக்கா. மனசு அதைத் தொட்டுப் பார்த்தது, சுட்டது, மறுபடி தொட்டுப் பார்த்தது. அதே கடையில்தான் அந்தக் கிழவருக்குப் பொடி விற்றான். கூட்டம் கூட்டினவனும் அவன்தான், கூட்டத்துக்கு விஷம் வைத்தவனும் அவன்தான். இல்லை. அவனுக்கு இல்லை. பதில் வராத இடத்தில் மூன்று தடவை கேட்டும் சும்மா போகாமல் தேடினாளே, அந்தப் பெண்ணுக்கு. ஒரு சத்தத்தைக் கேட்டு அது என்ன சத்தம் என்று அறிந்துகொண்டாரே, மூச்சு வாங்க நிற்கும்போதும் கையைத் தூக்காதே என்று எனக்குச் சொன்னாரே, அவருக்கு. பேர்கூடக் கேட்கவில்லை நான். இந்தக் குழாய்களுக்கு. இதைக் கண்டுபிடித்த யாரோ ஒருத்தனுக்கு, அவன் பேரும் எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல ஆட்கள் இத்தனை பேர் இருக்கும்போது அவன் வரிசையில் வந்து நிற்க வேண்டாம். போகட்டும்.

பத்து நாற்பத்தைந்துக்கு ஊசியை உருவினாள். பஞ்சை வைத்து நானே அழுத்திப் பிடித்திருக்கும்போது மடியில் போன் துடித்தது. ஒரு கையால் பஞ்சு, மறு கையால் ஒன்றும் முடியாது, முத்துச்செல்விதான் எடுத்துத் தூக்கிக் காட்டினாள், மெசேஜ். தனவேல். "அக்கா கடலூர்ல ஏத்திட்டாங்க. மூணு லிட்டருக்கு மேல தண்ணி எடுக்கணுமாம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அவ்ளோதான்னு டாக்டர் திட்டுறாரு. அப்பா தூங்குறாரு. கால நீட்டிப் படுத்துத் தூங்குறாரு. அந்தம்மா எங்க எழுதுறாங்கன்னு கேட்டு வைன்னு சொல்லிட்டுத் தூங்கினாரு. உங்க பக்கம் எதுன்னு அனுப்புங்க, இனிமே அங்கயே வந்து கேக்குறோம்." முத்துச்செல்வி சத்தமாக வாசித்தாள், வாசித்துவிட்டு "ஆரு யக்கா இவங்க?" என்றாள். சொந்தக்காரங்க என்றேன். வாயில் அதுதான் வந்தது.

வெளியே லியோன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். முதலில் புகார் மனுவை எடுத்தேன். அனுப்பு. போய்விட்டது. இரண்டு நாளோ பத்து நாளோ, என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பக்கத்தை மூடுவார்கள், மூடும்போது அங்கே கேட்டவர்களும் அதோடு போய்விடுவார்கள், கீரையும் கருவாடும் கல்யாணமும். அதற்குள். "வா, போவோம், வெயில் ஏறுது," என்றார் லியோன். "பத்து நிமிஷம் இருங்க," என்றேன். "வீட்ல போயி எழுதேன்." "இல்ல, இங்கயே." அவர் என் முகத்தைப் பார்த்தார், பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். தனவேலுக்கு என் பக்கத்தை அனுப்பினேன். பிறகு மீசைக்காரனின் பக்கத்தைத் திறந்து, அடிக்கு இறங்கி, எல்லோருக்கும் முதலில் கேட்டிருந்தவரிலிருந்து தொடங்கினேன். சீனியம்மாள், விளாத்திகுளம், எட்டு மாசத்துக்கு முன்னால். டாக்டர் ஐயா, தாகம் பொறுக்க முடியலை, நாக்கு ஒட்டுது, ஒரு ஐஸ் கட்டி வாயில போட்டுக்கலாமா. எட்டு மாசமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது அந்த நாக்கு. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.

போட்டுக்கோங்கம்மா. ஒரு கட்டி, மெதுவா, கடிக்காம. அதையும் அன்னைக்குத் தண்ணிக் கணக்குல சேத்துக்கோங்க. பதில் சொல்ல இவ்வளவு நாள் ஆனதுக்கு மன்னிச்சுக்கோங்க, நீங்க இங்க இருக்கீங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எனக்கும் இப்பத்தான் மெஷின் முடிஞ்சுது. எனக்கும் நாக்கு ஒட்டுது. ரெஜினா, தூத்துக்குடி.